சேலைப் பெட்டியில் இருந்த ஹார்ட் டிஸ்க்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. போன வருஷம் வரை யாராவது இப்படி ஒன்றை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன், அதுவும் முகத்துக்கு நேராக. எங்கள் வீட்டில் சாமி படம் உண்டு, விளக்கு உண்டு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு, எல்லாம் என் மனைவியோடு சரி. எனக்குத் தெரிந்தது நாள், கிழமை, நேரம் மட்டும்தான். இந்தக் கரிசல் பக்கத்தில் எந்த ஊர்க் கண்மாய் எந்த வருஷம் நிறைந்தது, நாகலாபுரத்தில் எந்த மாதம் முதல் மழை விழுந்து உளுந்து விதைத்தார்கள் என்றெல்லாம் கேட்டு விசாரித்து நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். ஒன்று நடந்தால் அதற்கு ஒரு நேரம் இருக்கும், நேரம் சொல்ல முடியாததெல்லாம் கதை, இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்குள் முடிந்தது. கோவில்பட்டியில் என் வீட்டு முன்னறை, ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன, தெருவில் தண்ணீர் லாரி வந்து சண்டை நடந்துகொண்டிருந்தது. பேய் வருவதற்கு உண்டான லட்சணம் ஒன்றுகூட அங்கே இல்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும், அதை விட்டுவிட்டு இதைச் சொன்னால் இதுவும் பொய்யாகிவிடும்.

நூற்றாண்டு திரும்பப் போகிறது, அன்றைக்கு உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த சமயம் அது. நான் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். அப்போது பழக்கமானவர்தான் அய்யாத்துரை. எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்து உதவியாளர் வேலை. என்னைவிட ஒரு வயது மூத்தவர், ஆனாலும் அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவருடைய மனைவி மாடத்தி ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். மஞ்சள்காமாலை வந்து, பச்சிலை கொடுத்து, அது கேட்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். மகள் முத்துக்கனிக்கு அப்போது ஒன்றரை வயது.

மாடத்தி நன்றாகப் பாடுவாளாம். களையெடுக்கிற காட்டில் அவள் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்களாம். அவள் வீட்டில் உட்கார்ந்து பாடியதை அய்யாத்துரை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அவள் போனபிறகு அதைப் போட்டுப் போட்டு டேப் இழுவை கண்டுவிட்டது, குரல் இழுக்க ஆரம்பித்துவிட்டது. முழுக்கப் போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றித் தாருங்கள் என்று வந்தார். எங்கேயோ பழையதாக ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வந்திருந்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மற்றவர்கள் பாட்டோடு கலக்காமல் அவளுக்கென்று தனியாக ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மெஷினில் டிஸ்க் மாட்ட இரண்டு கேபிள், ஒரு கேபிளுக்கு இரண்டு சாமான், ஆக மொத்தம் நான்கு. ஐந்தாவதாக ஒன்று மாட்ட வேண்டுமென்றால் தனியாக இன்னொரு கண்ட்ரோலர் வேண்டும். என் கடை மெஷினில் நான்கும் நிறைந்திருந்தது. ஆனால் அதில் இருந்த பழைய சவுண்ட் கார்டில், சி.டி. டிரைவுக்கென்று வைத்த மூன்றாவது கேபிள் மாட்டும் இடம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் அய்யாத்துரையின் டிஸ்க்கை மாட்டினேன். இப்படி மாட்டிய டிஸ்க், விண்டோஸுக்கு முந்தைய டாஸின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விண்டோஸ் 98-க்கு நாமே முகவரியும் ஐ.ஆர்.க்யூ. என்கிற அழைப்பு எண்ணும் கொடுத்து, இன்ன இடத்தில் ஒருவன் இருக்கிறான் என்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும். விண்டோஸ் என்.டி. அப்படி இல்லை, அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்தபிறகு டிரைவ் எழுத்துகளைத் தன் வரிசையில் கொடுக்கும். 98-ல் கடைசியாக எஃப் என்று இருந்த டிஸ்க், என்.டி.யில் முன்னால் நகர்ந்து இ என்று வந்து நிற்கும். என் மெஷினில் இரண்டும் இருந்தன. காலையில் 98, தேவைப்பட்டால் மதியம் என்.டி.

கேசட்டை ஏற்றி முடித்த அன்று, சரியாக இருக்கிறதா என்று திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டேப் அறுந்துவிட்டது. ஒட்டிவிடலாமா என்றார் அய்யாத்துரை. ஒட்டத் தெரியும் எனக்கு, இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் சொன்னேன், “இனி இது எதுக்கு அண்ணாச்சி? கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டுல்லா, ஆயுசுக்கும் அழியாது.” அவர் அந்தக் கேசட்டைக் கொண்டுபோய் மாடத்தியைப் புதைத்த இடத்தில் குழி தோண்டி வைத்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, வேறொருவருடைய வேலைக்காக என்.டி.யில் இருந்தேன். அவருடைய ஃபைல்களைப் போட்டுவைக்க இடம் வேண்டும், இ டிரைவில் ஒன்றுமில்லை, அதை ஃபார்மட் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 98-ல் இ என்பது என்னுடைய காலி இடம். நான் உட்கார்ந்திருந்தது என்.டி. அன்றைக்கு இ என்பது மாடத்தி. விரைவு ஃபார்மட்கூட இல்லை, முழு ஃபார்மட், அதன்மேல் அவருடைய ஃபைல்களை டிஸ்க் நிறைய எழுதியும்விட்டேன். அய்யாத்துரையின் டிஸ்க் எங்கே என்று தேடியபோதுதான் விளங்கியது.

எத்தனையோ செய்து பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் அய்யாத்துரை என்னை அடித்திருப்பாரோ அழுதிருப்பாரோ, அத்தோடு தீர்ந்திருக்கும். நான் செய்தது வேறு. டிஸ்க்கைத் துடைத்துக் காலியாக்கி, அதில் மாடத்தி என்ற பெயரில் ஒரு ஃபைல் உண்டாக்கினேன். பெயர்தான் உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது, அளவு பூஜ்யம். யாராவது திறந்தால், ஃபைல் கெட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? அதோடும் விடவில்லை. ஒரு தாளில், இந்த டிஸ்க்கைச் சவுண்ட் கார்டின் மூன்றாவது கேபிளில் மட்டுமே மாட்ட வேண்டும், வேறு எதிலும் மாட்டினால் அழிந்துவிடும் என்று எழுதி, முகவரி, ஐ.ஆர்.க்யூ. எண் எல்லாம் குறித்து, டிஸ்க்கோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அது பொய். எந்தக் கேபிளிலும் மாட்டலாம். வேறு ஒரு மெக்கானிக் அதைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கையால் எழுதிய பொய்.

அய்யாத்துரை அந்த டிஸ்க்கை என்ன செய்தார் தெரியுமா? எங்கள் பக்கம் சில குடும்பங்களில், சுமங்கலியாகப் போன பெண்ணை வீட்டுச்சாமியாகக் கும்பிடுவார்கள். அவள் கட்டிய சேலை ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு நாள், அவள் இறந்த திதியன்று எடுத்துப் பொட்டு வைத்துப் படையல் போடுவார்கள். மாடத்தியின் சேலை மடிப்புக்குள் அவர் இந்த டிஸ்க்கை வைத்துவிட்டார். அதற்கும் சந்தனம், அதற்கும் குங்குமம். பஸ் ஸ்டாண்டில் எங்கேயாவது பார்த்தால் என்னிடமே சொல்லுவார். ஒருநாள் போட்டுக் கேட்க வேண்டும் என்பார். ஆனால் அடுத்த வார்த்தையே, “கேட்டா நான் தாங்க மாட்டேன் அண்ணாச்சி, பிள்ளைக்குத்தான் கேக்கக் குடுத்துவைக்கணும்” என்பார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. ஒன்றுமில்லாத ஒரு டிஸ்க்குக்கு வருஷந்தோறும் சூடம் காட்டிக்கொண்டிருந்தார் மனிதர், நான் தெரிந்துகொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

போன சித்திரையில் அய்யாத்துரை காலமானார். எடுப்பதற்கு முன்பு போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். கூட்டத்தில் முத்துக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஆவணியில் அந்தப் புதன்கிழமை அவள் வந்தாள், கையில் அந்த ஓலைப்பெட்டியோடு. கூட அவள் புருஷன் சுடலைமணி. கடம்பூரில் போளிக் கடையில் மாஸ்டர், நல்ல வாட்டசாட்டமான ஆள், எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன். நாலு போளி பொட்டலமும் கொண்டுவந்திருந்தார்கள். கனி என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த மாதம் அம்மா திதி, அப்பா இல்லாமல் வருகிற முதல் திதி, பெட்டியைத் திறந்து கும்பிடும்போது அம்மா குரலை அங்கே ஒலிக்கவைக்க வேண்டும் என்றாள்.

“அம்மா முகம் போட்டோவுல இருக்கு மாமா. குரல் எனக்குத் தெரியாது. கனவுல வாரா, வாயை வாயை அசைக்கா, சத்தம் வர மாட்டேங்கு. ஒருக்கக் கேட்டாப் போதும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் பெட்டியைத் திறந்து, அந்தச் சேலை மடிப்பிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். குங்குமம் படிந்து படிந்து லேபிள் தெரியவில்லை. கூடவே நான் எழுதிய தாள், மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டி. என் கையெழுத்தை நானே பார்த்தேன்.

அந்தக் கடை மெஷின் இன்னமும் என் வீட்டில் இருக்கிறது, பழைய பிளாப்பி ஏதாவது பார்க்கவேண்டும் என்று யாராவது வருவார்கள் என்பதற்காக. இப்போது யு.எஸ்.பி.யில் மாட்டுகிற ஒரு சாமான் வந்துவிட்டது, முதலில் அதில் மாட்டிப் பார்க்கலாம் என்றேன், அவ்வளவு பழைய டிஸ்க்கை அது கண்டுகொள்ளாது என்று எனக்குத் தெரியும், அத்தோடு கையை விரித்துவிடலாம் என்ற நினைப்பு. கனி விடவில்லை. அந்தத் தாளைக் காட்டினாள். “மூணாவது கேபிள்ல மட்டும்தான் மாட்டணும்னு நீங்கதான மாமா எழுதிருக்கீங்க? அப்பா இதை நூறு மட்டம் சொல்லிருக்காவ. அதுபடியே செய்ங்க.” நான் சொன்ன பொய்யை என்னிடமே வேதம் மாதிரி வாசித்துக் காட்டினாள்.

சரி என்று மெஷினை மேஜைமேல் தூக்கிவைத்து, ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, அணைத்துத் திறந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு சுடலைமணி, “இது கம்ப்யூட்டரா மாமா, மாவு மில்லா? ஒரு படி கம்பு போட்டா அரைச்சுத் தருமா?” என்றான். கனி, “சும்மா கெடங்க” என்றாள். தாளில் குறித்திருந்த பதினொன்றாம் ஐ.ஆர்.க்யூ. எண்ணை நெட்வொர்க் கார்டு பிடித்துக்கொண்டிருந்தது, அதைக் கழற்றினேன். டிஸ்க்கில் பின்னாலிருக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியை மாற்றி, சவுண்ட் கார்டு கேபிளில் மாட்டினேன். பேட்டரி போன மெஷின் என்பதால் தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி ஒன்று என்று காட்டியது, அதை முதலில் சரி செய்தேன். டாஸ், நினைத்தபடியே, அப்படி ஒரு டிஸ்க் இல்லவே இல்லை என்றது. என்.டி.யில் ஏற்றிப் பார்த்தேன், இ என்று வந்து நின்றது. திறந்தேன், நான் உண்டாக்கிய அந்த ஒற்றை ஃபைல், அளவு பூஜ்யம். என்.டி.யில் அந்தச் சவுண்ட் கார்டிலிருந்து சத்தம் வராது என்பது உண்மைதான், அதைச் சொல்லி 98-க்கு மாறினேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

98-ல் முகவரியும் எண்ணும் கையால் கொடுத்து, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து, எஃப் என்று வந்தது. ஃபைல் பெயரைப் பார்த்ததும், “அம்மா பேரு போட்டிருக்கு” என்றாள் கனி, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு. பாட்டைப் போனில் ஏற்றித் தர வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தாள், அதனால் சவுண்ட் கார்டின் ஒரு துளையில் ஹெட்போனும் இன்னொரு துளையில் என் லேப்டாப்புக்கு ஒரு ஒயரும் கொடுத்து, லேப்டாப்பில் ரெக்கார்டையும் ஓடவிட்டேன். எல்லாம் நடிப்பு. ஃபைலைத் தட்டுவேன், ஒன்றும் வராது, காலம் ஆகிவிட்டது தாயி, டிஸ்க் கெட்டுவிட்டது என்பேன், அவள் அழுவாள், நான் ஆறுதல் சொல்லுவேன். இதுதான் என் திட்டம். ஹெட்போனை அவள் தலையில் மாட்டிக்கொண்டாள். நான் தட்டினேன். மணி பன்னிரண்டே கால்.

பிளேயர் திறந்தது. நேரம் காட்டும் இடத்தில் பூஜ்யம், அது நகரவே இல்லை. லேப்டாப்பில் ஒரு நேர்கோடு. நான் திரும்பி, சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். கனி கையை உயர்த்தினாள், பேசாதீங்க என்கிற மாதிரி.

அவள் கண் எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை மெதுவாக ஆட ஆரம்பித்தது, பாட்டுக்கு ஆடுகிற மாதிரி. பிறகு ஓரிடத்தில் சட்டென்று நின்றது, சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணீர் கொட்டியது, தன் இடது கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் தலை ஆடியது. பாவம், ஆசையால் பிள்ளைக்குப் பிரமை தட்டிவிட்டது, இதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், நம்புங்கள். பதினோரு நிமிடத்துக்கு மேல் அப்படி இருந்தாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுடலைமணி பயந்துவிட்டான். “ஏட்டி, என்ன? என்ன கேக்குது?” என்றான்.

அவள் முகத்தை எடுக்காமலே சொன்னாள். “பாடிக்கிட்டே இருக்கா. நடுவுல பாட்டை நிப்பாட்டிட்டு, ‘ஏட்டி கனி, வசம்பைக் கடிக்காத, துப்பு, துப்பு’ங்கா. என்னையத்தான். பெறவு, ‘இந்தா, இவளைப் பிடிங்க, பாட விட மாட்டேங்கா’ன்னு அப்பாகிட்டச் சொல்லுதா.”

கைக்குழந்தைக்கு வசம்பை வளையாகக் கோத்துக் கையில் போடுவது எல்லா ஊரிலும் உண்டு, அதை யாரும் கற்பனை செய்துகொள்ளலாம், அதுவல்ல விஷயம். கேசட்டை ஏற்றிய அன்று நான் கேட்டது இதே வார்த்தை. ‘துப்பு, துப்பு’ என்று இரண்டு தடவை. ‘இவளைப் பிடிங்க.’ அய்யாத்துரை அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார், மூன்றாவது தடவை ஓட்டும்போது அந்த இடத்தில்தான் டேப் அறுந்தது. அதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் சித்திரையில் போய்விட்டார். அவர் மகளிடம் சொல்லியிருப்பாரோ என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, கேட்டேன். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார் என்றாள்.

சுடலைமணி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான். நான் திரும்பத் தட்டினேன். இரண்டு நிமிடம் இருக்கும், அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவன் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தெருவுக்குப் போய் நின்றுகொண்டான்.

பிறகு நான் மாட்டிக்கொண்டேன். ‘உம்’ என்று ஓர் இரைச்சல். பழைய சவுண்ட் கார்டுகளில் டிஸ்க் சுற்றும்போது வருமே, அந்த இரைச்சல். அதைத் தவிர ஒன்றுமில்லை. ஒலியைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா நல்லாப் பாடுதால்ல மாமா?” என்றாள். ஆமாம் என்றேன்.

லேப்டாப்பில் பதிவானதை அவள் போனுக்கு அனுப்பினேன். அதிலும் எனக்குத் தெரிந்தது நேர்கோடும் அந்த இரைச்சலும்தான். அவள் போனில் போட்டு, காதில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். டிஸ்க்கைக் கழற்றித் தருமுன் சாதாரணக் கேபிளில் மாட்டி ஆரம்பம் முதல் கடைசிவரை படித்துப் பார்த்துவிட்டேன், சந்தேகம் உங்களைவிட எனக்கு அதிகம். துடைத்துப் போட்ட வீடு மாதிரி இருந்தது. கனி அதைச் சேலைக்குள் வைத்து, பெட்டியை மூடி, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மணி ஒன்றரை. அவள் தொட்ட இடத்தில் காலைக் கழுவிக்கொள்ளலாமா என்று நெடுநேரம் நின்றேன், அழுக்கு அவள் கையில் இல்லை என்பதும் தெரிந்தது.

புரட்டாசியில் திதிக்குக் கூப்பிட்டிருந்தாள். காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, சேலைக்கு முன்னால் போனை வைத்துப் போட்டார்களாம். மாடத்தியின் தங்கை, எங்க அக்கா, எங்க அக்கா என்று கதறி மயங்கி விழுந்துவிட்டாளாம். கிழவர் ஒருவர் பின்பாட்டுப் பாடினாராம். அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. இதை எனக்குச் சொன்னவன் சுடலைமணி, பஜாரில் பார்த்தபோது. இப்போதெல்லாம் அவன் என்னிடம் கேலி பேசுவதில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்குக் கனி போன் செய்தாள். திதி நல்லபடியாக முடிந்ததைச் சொன்னாள். வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். பிறகு குரல் இறங்கியது.

“மாமா, அம்மா பாடி முடிச்சப்பெறவும் கொஞ்சம் ஓடுது. அன்னைக்கு உங்க வீட்டுல நான் அதுவரை கேக்கல. இப்பத்தான் ராத்திரி பகலா கேக்கேனே, அதான் தெரிஞ்சுது. ஒரு ஆம்பளை அழுதாவ. ‘மன்னிச்சிரு தாயி, மன்னிச்சிரு தாயி’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாவ. அது நீங்கதான?”

உங்களிடம் நான் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது, என் மனைவியிடமும் சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, டிஸ்க் போனது போனதுதான் என்று தெரிந்தபிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன். கனி சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி அழுதேன். கடையில் வேறு யாரும் இல்லை. மைக் என்று ஒரு பொருள் என் கடையில் எந்தக் காலத்திலும் இருந்தது கிடையாது. அந்த அழுகை எதிலும் பதிவாக வழியில்லை.

போனில் கனியே தொடர்ந்தாள்.

“எதுக்கு அழுதீங்கன்னு நான் கேக்கப்போறதில்ல மாமா. அம்மா உங்களுக்குப் பதில் சொல்லிட்டால்ல. கடைசியா அந்த ஒரு வார்த்தை. கேட்டீங்கதான?”

எனக்கு ‘உம்’ என்ற இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குடும்பத்திடம் உண்மை சொல்ல எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அதுதான்.

“கேட்டேன் தாயி” என்றேன்.

“அப்பச் சரி” என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த ‘அப்பச் சரி’யை எத்தனையோ விதமாக எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். விட்டுவிட்ட குரலா, வெட்டிவிட்ட குரலா என்று பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவும் இல்லை, வரவும் இல்லை. கேட்டேன் என்று சொன்னவன் இனி எந்த வாயால் போய் என்ன வார்த்தை என்று கேட்பான்? பதிவு என் லேப்டாப்பில் இருக்கிறது. தினமும் காலையில் ஒரு தடவை போடுகிறேன். பாட்டு முடிந்திருக்க வேண்டிய பதினோரு நிமிடம் தாண்டியதும், என்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். மாடத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரைச்சல்தான் கேட்கிறது, அது நிற்கும்வரை நானும் நிற்கிறேன்.